ஈரத் தரையில் வைத்த டொபித் தட்டு

தேயிலை ஃபெக்டரியில் தயாரிப்பு முழுவதையும் மேற்பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றபின், கொட்டகலையில் என் மனைவி சரஸ்வதி வீட்டிலேயே நடத்தும் மில்க் டொபி என்ற பால் மிட்டாய் வேலையில் சேர்ந்தேன். அவள்தான் முதலாளி. டின்பாலும் சீனியும் சட்டியை விட்டுச் சுருண்டு வரும்வரை கிளறுவது என் வேலை. முந்திரிப் பருப்பான கஜுவைப் போடுவதும் பதம் பார்த்து இறக்குவதும் அவள் வேலை. முதல் நாளே, "இங்க ஒங்க ஆபீசர் அதிகாரமெல்லாம் வேணாம், கைய மட்டும் ஆட்டுங்க" என்றாள்.

எங்கள் ஊர்க் குளிரில், அலுமினியத் தட்டில் ஊற்றிய டொபி கத்தி எடுப்பதற்குள் கல்லாகிவிடும். அதனால் மகள் கொழும்பிலிருந்து ஒரு ஸ்டோன்வேர் தட்டு வாங்கி வந்தாள். சுட்ட களிமண், கண்ணாடிபோல் பூச்சு, நல்ல கனம். வெந்நீரில் சூடாக்கித் துடைத்துவிட்டு ஊற்றினால் சூட்டை நெடுநேரம் பிடித்திருக்கும். நிதானமாக வெட்டலாம்.

1. தரை

பொகவந்தலாவை செல்லம்மா அக்காவின் மகனுக்கு மறுநாள் பரிசம். பெண் வீட்டுக்குக் கொண்டுபோகும் வரிசைத் தட்டுக்கு டொபி கேட்டிருந்தார். அவர் வந்தபோது சரஸ்வதி ரிபன் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். தட்டில் ஊற்றிய டொபி இன்னும் கொதிக்கும் சூட்டில் இருந்தது.

"இன்னும் ஆறலைங்களாய்யா? ஹட்டன் பஸ் போயிருமே."

ஃபெக்டரியில் ரோலரில் நசுங்கி இறங்கும் ஈரக் கொழுந்துத் தூள் சூடாக இருந்தால், தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்த தரையில் பரப்புவோம். என் கை அந்தப் பழக்கத்தில் போனது. அடுப்புக்குப் பக்கத்தில் குசினித் தரையில் தண்ணீர் தெளித்து, சூட்டோடு தட்டை வைத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மூலையில் மயிரிழைபோல் விரிசல்.

அந்த மூலையை மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதியை வெட்டிப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். விரிசலைப் பற்றி வாய் திறக்கவில்லை. "பளபளன்னு வந்திருக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டு அக்கா போனார். வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

பிறகு தட்டைக் கழுவும்போது விரலில் ஏதோ நெருடியது. தட்டின் நடுவில் அரிசியளவு பூச்சு பெயர்ந்திருந்தது. அந்தச் சில்லு தண்ணீரில் இல்லை, தரையிலும் இல்லை. பெட்டிக்குள் ஒரு டொபியில்தான் இருக்க வேண்டும். நாளை அதை எந்தப் பிள்ளை கடிக்குமோ.

2. பஸ்

அக்கா ஏறிய பஸ் மலையில் வளைந்து வளைந்துதான் இறங்கும். தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் போனால் கீழ் வளைவில் பிடிக்கலாம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "பின்னால புலி வருதுங்களாய்யா?" என்றாள்.

"இல்ல, முன்னால பஸ் போகுது."

நடுரோட்டில் கையை விரித்து நின்று பஸ்ஸை நிறுத்தினேன். கண்டக்டர் கதவில் தொங்கியபடி, "எங்க போறீங்க தாத்தா?" என்றார். அவர் கையில் எங்கள் டொபி ஒன்று இருந்தது.

"எங்கயும் போகல. அதச் சாப்புடாதீங்க."

செல்லம்மா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸே கேட்டது.

கண்டக்டர் டொபியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓசில கெடைச்சதே இது ஒண்ணுதான்."

அக்கா சிரிக்கவில்லை. "மொதல்லயே சொன்னா என்னங்க? சம்பந்தி வீட்டுக்கு நான் எதக் கொண்டு போவேன்?"

"மறுபடியும் கிண்டித் தர்றேங்க. பக்கத்துல நின்னு பாருங்க."

"பாக்குறதா? நான்தான் வெட்டுவேன். நீங்க தரைப் பக்கமே போகக் கூடாது."

பஸ் முழுக்கச் சிரிப்பு. அக்காவும் சிரித்துக்கொண்டே பெட்டியோடு இறங்கினார்.

3. மறுபடியும்

வீட்டில் சரஸ்வதி விரிசல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நடந்ததைச் சொன்னேன். "கொழுந்து ஆற வைக்கிற எடம்னு நெனச்சீங்களா என் குசினிய?" என்றவள், செல்லம்மா அக்காவைப் பார்த்ததும் அடுப்பை மூட்டினாள்.

அலுமினியத் தட்டைக் கொதிநீர்ச் சட்டியின் மேல் வைத்து ஊற்றினோம். அப்படியும் டொபி அவசரமாக இறுகியது. மூன்று பேரும் மூன்று பக்கமிருந்து வெட்டினோம். ஒன்று சதுரம், ஒன்று முக்கோணம், என்னுடையது எதிலும் சேராது. சரஸ்வதி சிரித்ததில் கத்தி நழுவியது. சாயங்கால பஸ்ஸில் அக்கா புதுப் பெட்டியோடு போனார்.

இரண்டு நாள் கழித்து அக்கா சரஸ்வதிக்கு ஃபோன் செய்தார். "பிள்ளைங்க வடிவத்துக்கு வடிவம் சண்ட போட்டுத் தின்னுச்சுங்க. அடுத்த வாட்டியும் அப்படியே கோணலா வெட்டச் சொல்லுங்க ஐயாவ."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். விரிசல் விழுந்த தட்டில் நல்ல பக்கம் என்று ஒன்று கிடையாது. முழுவதையும் கொட்டுங்கள். வாங்க வந்தவர் வாசலில் நிற்கும்போதே உண்மையைச் சொல்லிவிடுங்கள். பஸ்ஸைத் துரத்துவதைவிட அது சுலபம்.