எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்

விருத்தாசலத்தில் ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில்தான் எங்கள் முதல் வாடகை வீடு. ஒரே சுவரை நடுவில் வைத்து இரண்டு வீடுகள். ஒன்றில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். கணவர் இறந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். இன்னொன்றில் நானும் என் கணவரும். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்காது. அவர் வேப்பூரில் ஒரு லாரி பட்டறையில் மெக்கானிக். நான் செராமிக் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு தேய்க்கும் வேலையில் இருந்தேன். சூளைக்குப் போகும் முன் ஈர ஸ்பாஞ்சால் ஓரங்களைத் துடைக்க வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவத்தில்கூட வெள்ளைத் தூசி இருக்கும்.

எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் ஒருவர் தனியாகக் குடியிருந்தாராம். வீட்டுக்கார அம்மாவுக்கு அவரைப் பற்றிச் சொல்லிச் சலிக்காது. நான் வாசலில் கொஞ்சம் தண்ணீர் சிந்திவிட்டால் போதும்.

"முன்ன இருந்தவரு ஒரு சொட்டு சிந்த மாட்டாரும்மா. ஆம்பள, தனியா இருக்கறாரு, வூட்ட பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும். எனக்கு ஒடம்பு முடியலன்னா அவருதான் மாத்திர வாங்கியாந்து குடுப்பாரு."

பின்பக்கத்துக் கொடிக்கம்பியை அவர்தான் கட்டினார். கறிவேப்பிலைச் செடியையும் அவர்தான் வைத்தார். நான் தினமும் அதில்தான் கிள்ளித் தாளித்தேன். பார்க்காத அந்த மனிதர்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. மாமியார் இல்லாத குறையை அவர் தீர்த்துவைக்கிறார் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். தயிர் கேட்டு உள்ளே வந்த வீட்டுக்கார அம்மா, அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோய் நின்றார்.

"அட, இவரு எதுக்கு பேப்பர்ல வந்திருக்காரு? நம்ம வூட்ல இருந்தவருதாம்மா!"

ஏதோ பரிசு வாங்கிவிட்டார் என்றுதான் அந்த அம்மா நினைத்திருக்க வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது. என் கணவர் தலையைத் தூக்கவே இல்லை. படத்தில் இருந்தவருக்கு இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள் நின்றார்கள். கல்யாண ஆசை காட்டிப் பெண்களை அழைத்துப்போய், ஊர் ஊராகக் கொன்று, நகைகளை எடுத்துக்கொண்டவன் பிடிபட்டான் என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கணவர் மெதுவாகப் படித்துக் காட்டினார். வீட்டுக்கார அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வேற ஆளா இருக்கும்பா, நல்லா பாருப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த வாரமே போலீஸ் வந்தது. தரையைத் தட்டிப் பார்த்தார்கள். கறிவேப்பிலைச் செடியைச் சுற்றித் தோண்டினார்கள். சந்து முழுக்க ஜனம். ஒன்றும் கிடைக்கவில்லை. கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் என்னிடம், "இந்த வூட்ல ஒண்ணும் நடக்கலம்மா, தைரியமா இருங்க" என்றார். எனக்கு அதற்குப் பிறகுதான் பயம் கூடியது. இந்த வீட்டில் அவன் சோறாக்கிச் சாப்பிட்டான், துணி துவைத்தான், சுவரில் ஆணி அடித்து சட்டை மாட்டினான். எங்கேயோ போய் அந்தக் காரியத்தைச் செய்துவிட்டு, இங்கே வந்து வாசலைக் கழுவினான். அந்த ஆணியில்தான் என் கணவரின் சட்டை தொங்கியது. செடியை நானே பிடுங்கிப் போட்டேன். ஆனாலும் சில நாட்களுக்கு எதைத் தாளித்தாலும் வாய்க்குள் போகவில்லை.

ஊர் பயப்படவில்லை. ஊருக்கு அது திருவிழா. மங்கலம்பேட்டையிலிருந்து, வேப்பூரிலிருந்து, இன்னும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து எங்கள் வீட்டை வெளியே நின்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் கேமரா வைத்த செல்போன்கள் வரத் தொடங்கியிருந்தன. ஒருவர் பாத்ரூமைப் படம் எடுக்கட்டுமா என்று என்னிடமே கேட்டார். பத்திரிகைகள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தன. பிள்ளைகள் தெருவில் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டு துரத்தி விளையாடினார்கள்.

முதலில் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா, கொஞ்ச நாளில் வாசலுக்கு வந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். பேசப் பேசக் கதை மாறியது.

"அவன் கண்ணே ஒரு மாதிரி இருக்கும். நான் அப்பவே நெனச்சேன்."

மாத்திரை வாங்கித் தந்தவர் எங்கே போனார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். சிரிப்பே சரியில்லை என்றார் ஒருவர். நடையே திருட்டு நடை என்றார் இன்னொருவர். அவர்கள் பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. கண்ணிலோ நடையிலோ ஒரு அடையாளம் இருந்தது என்று வைத்துக்கொண்டால்தான் நிம்மதியாகத் தூங்க முடியும். அடையாளமே இல்லை என்றால் அடுத்த வீட்டுக்காரனை எப்படி நம்புவது? எனக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. அவனை நான் நேரில் பார்த்ததே இல்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் மாதக்கணக்கில் கேட்ட புகழ்ச்சிதான்.

அதனால் நல்லவர்களாகத் தெரிந்தவர்களையெல்லாம் சந்தேகிக்க ஆரம்பித்தேன். கம்பெனியில் எங்கள் சூப்பர்வைசர் அதிர்ந்து பேசமாட்டார். பெண்களை "வாங்கம்மா, போங்கம்மா" என்பார். ஒரு நாள் அவர் பக்கத்தில் வந்து நின்றபோது என் கையிலிருந்து ஃபியூஸ் கட்டை நழுவி விழுந்தது. உடைந்த துண்டை அவரே குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் இன்னும் மோசம். என் கணவர் அவனைப் பற்றி வந்த வாரப்பத்திரிகைகளையெல்லாம் வாங்கினார். சாப்பிடும்போது படித்துக் காட்டுவார்.

"பாரு, கடசி ஊர்ல போலீஸ் வண்டியிலயே லிஃப்ட் கேட்டு போயிருக்கான். மூளையப் பாரு அவனுக்கு!"

"சாப்புடும்போது வேணாங்க."

"சும்மா தெரிஞ்சிக்கலாம்னுதாம்மா. இவன மாதிரி ஆளுங்க மனசு எப்பிடி இருக்கும்னு டாக்டரு எழுதியிருக்காரு."

அவர் முகத்தில் வெறும் ஆர்வம்தான் இருந்தது, கிரிக்கெட் பார்க்கும்போது இருப்பதுபோல. ஆனால் சவரம் செய்யும்போது அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தால், இந்த மனிதரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று தோன்றிவிடும். பெண் பார்க்க வந்தார், கட்டிக்கொண்டேன். கொல்லப்பட்ட அந்தப் பெண்களும் அவ்வளவுதானே தெரிந்து கூடப் போயிருப்பார்கள்?

அந்தப் பத்திரிகைகளில் அந்தப் பெண்களுக்கு முதல் பலி, இரண்டாம் பலி என்றுதான் பெயர். கீழே வயது. ஆசைக்கு அலைந்தவர்கள் என்கிற மாதிரி ஒரு வரி. அவனுடைய படம் மட்டும் பக்கம் பக்கமாக.

ஒரு நாள் கம்பெனியில் கரண்ட் இல்லை என்று எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலில் முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர் என்று நினைத்து, "உள்ள ஒண்ணும் இல்லங்க, போங்க" என்றேன்.

"நான் திட்டக்குடியிலேருந்து வரேம்மா" என்றார். "அவன் கொன்னதுல ஒண்ணு என் தங்கச்சி."

சாவியைத் திருப்ப முடியாமல் நின்றேன். பிறகு உள்ளே அழைத்துப் பாயைப் போட்டு உட்காரவைத்தேன். அவர் சுவரையோ கூரையையோ பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"அது இங்க வந்துச்சான்னு தெரிஞ்சிக்கணும். துணி தைக்கறதுக்கு லைனிங்கு, பட்டன் வாங்கறதுக்கு விருத்தாசலத்துக்கு பஸ்ல வரும். பஸ்லதான் அவனோட பழக்கமாம். போலீஸ்ல கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க."

பேச்சுக் குரல் கேட்டு வீட்டுக்கார அம்மா வந்துவிட்டார். யார் என்று சரியாகக் கேட்காமலே வழக்கமான கதையைத் தொடங்கினார். "அவன் கண்ணு இருக்குதே..."

"அவனப் பத்தி வேணாங்க" என்றார் அந்தப் பெண். சத்தம் போடவில்லை. "எங்க போனாலும் அவனப் பத்தியே சொல்றாங்க. அவன் என்னா சாப்ட்டான், எப்பிடி சட்ட போடுவான், எல்லாம் எனக்குத் தெரியும். என் தங்கச்சி பேரு என்னான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

நான் கேட்டேன். சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அது அவர்களுடையது. கூடவே மற்றதும் சொன்னார். பல்லியைக் கண்டால் மெஷினை விட்டு ஓடிவிடுவாளாம். அளவு எடுக்காமல் கண்ணால் பார்த்தே ரவிக்கை வெட்டிவிட்டு, பாதி நேரம் தப்பாகி, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளாம். கட்டிய புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அந்தச் சிரிப்பு நின்று, அந்தக் கடைசி சில மாதம்தான் திரும்ப வந்ததாம்.

வீட்டுக்கார அம்மாவின் முகம் மாறியது. தரையைப் பார்த்துக்கொண்டு, "மாநிறமா, கொஞ்சம் ஒல்லியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"ஒரு தபா வந்துதும்மா. தன்னோட தங்கச்சின்னு அவன் சொன்னான். நான் நம்பிட்டேன். தல காலியா இருக்குதேன்னு நான்தான் பூ குடுத்தேன்."

அந்தப் பெண் வீட்டுக்கார அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பயந்தா மாதிரி இருந்துச்சாங்க?"

"இல்லம்மா. சாமி சத்தியமா இல்ல. வாயப் பொத்திக்கினு சிரிச்சிது. போயிட்டு வரேம்மான்னு சொல்லிட்டுப் போச்சு."

அந்தப் பெண் அழுதார். அது ஆறுதலா வலியா என்று எனக்கு விளங்கவில்லை, அவருக்கும் விளங்கியிருக்காது என்று நினைக்கிறேன். வீட்டுக்கார அம்மாவும் அழுதார். பல மாதங்களாக அவர் சொன்ன கதைகளில் அந்தப் பூ வந்ததே இல்லை. டீ போட்டுக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போய் திட்டக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "நீ அந்த வூட்ல இருக்காதம்மா" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கார அம்மா யாரிடமும் வாய் திறக்கவில்லை. யாராவது வந்து கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கதவைச் சாத்தினார். நான் கணவரிடம் அந்தப் பெண் வந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மறுநாள் பத்திரிகைக் கட்டைக் காணோம். வேறு வீடு பார்க்கலாம் என்று அவரே சொன்னார். தை பிறந்ததும் கடலூர் ரோட்டுப் பக்கம் போய்விட்டோம். அவர்மேல் எனக்கிருந்த பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. குழந்தை பிறந்து, அதன் காய்ச்சலுக்கு இருவரும் மாறி மாறி விழித்து, அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைந்தது.

வழக்கு நடந்தது, அவனுக்குத் தண்டனை கிடைத்தது. ஊர் மறந்துவிடும் என்று நினைத்தேன். சில வருஷம் கழித்து பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவன் பட்டப்பெயரை ஒரு நடிகர் பெயரைச் சொல்வதுபோல் சொன்னார்கள். "செம மூளடா அவனுக்கு" என்றான் ஒருவன். அவர்களிடம் ஒரு தையல்காரப் பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாய்வரை வந்தது. சொன்னால், அவளைத் தாண்டி அவனைப் பற்றித்தான் கேட்பார்கள். அவன் வீட்டிலா இருந்தீங்க, எப்படி இருந்தது, என்று ஊர் வரும்வரை விடமாட்டார்கள்.

மடியில் தூங்கிக்கொண்டிருந்த என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன்.