அக்கா மாற்றி வாசித்த கடைசி இதழ்

போன மாதம் புனே ஆகுர்டியில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பரணைக் காலி செய்தபோது எங்கள் பழைய காமிக்ஸ் கட்டு கிடைத்தது. அதிலிருந்த கடைசி இதழை மட்டும் விமான் நகரிலுள்ள என் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஐந்து பேர் கொண்ட சாகசக் குழுவின் கதை அது. இரும்பை உருக்குகிறவன், சுவருக்குள் புகுந்து போகிறவன் என்று ஆளுக்கொரு சக்தி. எனக்குப் பிடித்தவள் பறக்கிறவள்தான். அப்பாவோடு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் லீவுக்குக் கோவில்பட்டி போய்த் திரும்பும்போதெல்லாம் எங்களுக்குப் புது இதழ் வாங்கி வருவார். அக்கா நாலாம் வகுப்பு வரை ஊரில் படித்தவள், தமிழ் வாசிப்பாள். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததே புனேயில். தமிழ் பேசுவேன், ஓர் எழுத்து தெரியாது. அதனால் எல்லா இதழையும் அக்காதான் ஐந்து குரலில் வாசித்துக் காட்டுவாள்.

கடைசி இதழ் வந்தபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அம்மா ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஷிப்ட் முடிந்ததும் அப்பா நேராக அங்கே போய்விடுவார். வீட்டில் நாங்கள் இருவரும்தான்.

முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு படம். பறக்கிறவள் தரையில் படுத்திருக்கிறாள், மற்ற நால்வரும் சுற்றி நிற்கிறார்கள்.

“ஏன்க்கா கண்ண மூடியிருக்கா?”

“இடிஞ்சு விழுந்த அணையத் தாங்கிப் பிடிச்சால்லா, அலுப்பு. தூங்குதா.”

கடைசிப் பக்கத்தில் ஐந்து நாற்காலிகள். ஒன்று காலி. அவள் எங்கே என்று கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை. “வடாபாவ் வாங்கப் போயிருக்கா. எல்லாருக்கும் பசிக்கும்லா?”

எனக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு வாரத்தில் அம்மாவும் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து பிள்ளைகளுக்கு வகுப்பு ஆரம்பித்தார்கள். மகளைச் சேர்க்கப் போன நானும் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அந்தக் கடைசி இதழை வாசிக்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுதும் ஆயிற்று.

‘இறந்துவிட்டாள்’ என்று இருந்தது. ரகரமும் றகரமும் எனக்கு இன்னும் குழம்பும். தப்பாக வாசிக்கிறேனோ என்று மூன்று தடவை பார்த்தேன். காலி நாற்காலிக்குக் கீழே, ‘இதில் இனி யாரும் அமரப் போவதில்லை’ என்று இருந்தது.

மறுநாள் காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வானவடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புத்தகத்தை நீட்டினேன்.

“இவ செத்துட்டாளாமே?”

அக்கா அட்டையைப் பார்த்ததும் வாளியை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். “வாசிச்சிட்டியா?”

“ஏன்க்கா மாத்திச் சொன்ன?”

“நீ தெனமும் அம்மா செத்துருவாளான்னு கேட்டுக்கிட்டே கெடந்த. அன்னைக்குப் போயி இத எப்படி வாசிக்க?”

“அப்ப உனக்கு?”

“நான் மொதல்லயே வாசிச்சிட்டேன். பாத்ரூம்ல பைப்பத் தொறந்து வச்சிட்டு அழுதேன். பெறகு மூஞ்சியக் கழுவிட்டு வந்து ஒனக்கு வாசிச்சேன்.”

அம்மா திரும்பி வருவாளா என்று அவளுக்கும் அன்று தெரியாது. அதைக் கேட்க அவளுக்கு வீட்டில் ஆளில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் குரல் நடுங்காமல் ஐந்து பேருக்கும் பேசியிருக்கிறாள். பயத்தைத் தான் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறாள். இத்தனை வருடம் எனக்கு இது தெரியாமலே இருந்திருக்கிறது.

“நான் வாசிக்கட்டுமா?” என்று கேட்டேன். தலையாட்டினாள்.

தட்டுத்தடுமாறி முதலிலிருந்து வாசித்தேன். ழகரம் வந்த இடத்திலெல்லாம் திருத்தினாள். படுத்திருக்கும் படம் வந்ததும் திருத்துவதை நிறுத்திவிட்டாள். நானும் நிறுத்தினேன்.

“மேல வாசிட்டி,” என்றாள். கண்ணைத் துடைக்காமலே கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.

“என் கதைதான் நல்லாருந்துச்சு, என்ன?”

“ஆமாக்கா,” என்றேன். எங்களுக்குள் நன்றி சொல்லிப் பழக்கமே கிடையாது. அன்று சொன்னேன்.

“போட்டி, கூறுகெட்டவளே,” என்று எழுந்து மிச்சத் துணியை உதறிக் காயப்போடத் தொடங்கினாள்.