ஏழாம் நம்பர் ஈ

வேலையில்லாமல் ஈ ஓட்டுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. ஈ பிடித்துச் சம்பளம் வாங்கியவர் ஈயக்கா ஒருவர்தான். ஆய்வுக்கூட உதவியாளர், பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. "இதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று மாமியார் கேட்காத நாள் கிடையாது. ஈயக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வலையில் சிக்கிய ஒவ்வொரு ஈயையும் குப்பியில் போட்டு, எங்கே பிடித்தது, எத்தனை மணிக்கு என்று சீட்டு எழுதி ஒட்டுவார்.

அந்த வருடம் ஒரு வகை ஈயின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் மரபணுத் தொடரை முழுக்க எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டியிருந்தது. ஈயின் கால்களை மட்டும் அரைத்தால் போதும், வயிற்றில் அது தின்றதும் சேர்ந்து கிடக்கும் என்றார் ஈயக்கா.

"முழு ஈயையும் அரைங்க. எனக்கே பாடமா?" என்றார் பேராசிரியர். ஈயக்கா அப்படியே அரைத்தார்.

படித்த தொடரைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்ப்பவர் பேராசிரியரின் மனைவி. ஒருநாள் கையில் தாளோடு வந்து நின்றார்.

"ஏழாம் நம்பர் ஈயில பாதி ஆடு இருக்கு."

"இவங்க ஆய்வுக்கூடத்துலயே வச்சு கறி சாப்பிட்டிருப்பாங்க," என்று பேராசிரியர் ஈயக்காவைக் கைகாட்டினார். ஈயக்காவை நிரந்தரமாக்கும் படிவம் அவர் மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதை அவர் ஓரமாகத் தள்ளி வைத்தார். பதினோரு வருடத்தில் அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்தவர் இல்லை ஈயக்கா.

"குப்பியில சீட்டு இருக்கு மேடம். நீங்களே படிச்சிடுங்க," என்றார், பரம சாதுவாக.

மேடம் குப்பியை எடுத்துவந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "சார் அறை. இரண்டாவது இழுப்பறை. மதியம் ஒன்றேகால்."

கொழுப்பு ஏறிவிட்டதென்று மருத்துவர் பேராசிரியருக்குக் கறியை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவித்த காய்கறியை டப்பாவில் அடைத்துக் கொடுத்தனுப்புகிறவர் மேடம்தான். நேரே போய் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தார். காகிதப் பொட்டலத்தில் நாலைந்து எலும்புகள், பளபளவென்று உறிஞ்சப்பட்டுக் கிடந்தன.

"அது வந்து..." என்றார் பேராசிரியர்.

"வீட்டுல பேசிக்கலாம். முதல்ல அந்தப் படிவத்தை முடிங்க." மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார்.

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். 'நிறைகள்' என்ற கட்டத்தில், 'எதையும் விடாமல் குறித்து வைப்பவர்' என்று எழுதினார். 'குறைகள்' என்ற கட்டத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதையே மறுபடியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.