பல்லுக்குள் வெட்டிய கான்

போன செவ்வாய்க்கிழமை, மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் என் மகள் செல்வி வாய்விட்டுச் சிரித்தாள்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள், பிள்ளைகளே. செய்திதான்! இரண்டு மாதமாக அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள்.

மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவள், பாசியில் வழுக்கி சிமெந்துத் திட்டில் முகம் மோத விழுந்தாள். முன்பல் உடையவில்லை. ஆனால் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமானது. பிறகு ஈறு வீங்கிச் சீழ் கட்டியது. பத்து வயதுப் பிள்ளை. விழுந்து முளைத்த பல். இதுவும் போனால் இன்னொன்று முளைக்குமா?

"புடுங்கிட்டு வாங்க. புள்ள ஒழுங்கா சாப்பிட்டு மூணு நாளாச்சு" என்றாள் என் மனைவி. நானும் அந்த முடிவோடுதான் பஸ் ஏறினேன்.

மாத்தளை பல் டாக்டர் சிங்களவர். தமிழும் பேசுவார். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"புடுங்க வேணாம் கங்காணி. வேருக்குள்ள கெனல் இருக்கு. அத சுத்தம் பண்ணினா பல்லு நிக்கும்."

என் காதில் விழுந்தது என்ன தெரியுமா? கான்!

தோட்டத்தில் கான் வெட்டும் ஆட்களுக்கு நான்தான் கங்காணி. மழைத்தண்ணீர் வடிய, தேயிலைக்கு நடுவே வெட்டுகிற வாய்க்காலை நாங்கள் கான் என்போம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், செடி மஞ்சளாகும். உதவி மேனேஜராகப் புதிதாக வரும் சின்னத்துரைமார் உடனே "புடுங்கு!" என்பார்கள். "மொதல்ல கான வெட்டிப் பாப்போங்க தொரை" என்று மல்லுக்கட்டுவேன். அப்படிப்பட்டவன், பெற்ற மகளின் பல்லை மட்டும் பிடுங்கச் சொல்லலாமா?

"வெட்டுங்க டாக்டர்!" என்றேன்.

செல்வி நாற்காலியில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பா... மம்பட்டியாலயா?"

டாக்டர் மயிரிழை போன்ற ஓர் ஊசியைக் காட்டினார். "இதுதான் துவ, எங்க மம்பட்டி." துவ என்றால் சிங்களத்தில் மகள்.

ஜன்னலுக்கு வெளியே மலைகள் பனிமூட்டத்தில் கரைந்துகொண்டிருந்தன. டாக்டர் ஊசியைத் திருகித் திருகி எடுத்தார். பஞ்சில் கராம்பு எண்ணெய் நனைத்து வைத்தார். சாக்கு விரித்துக் கராம்பு காயப்போட்ட முற்றத்தின் வாசம்... அறை முழுக்க. எனக்கே கண் சொக்கியது. என் விரல்களை இறுகப் பிடித்திருந்த அவள் கை, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. தூங்கினாளா, விழித்திருந்தாளா?

வெளியே வந்ததும் மரத்துப்போன வாயால் சொன்னாள்: "அப்பா, நான் பல்லுக்குள்ள போய்ட்டு வந்தேன். வெள்ளையா ஒரு கான். தண்ணியில கராம்பு மொட்டு மெதந்து போச்சு. நீங்க கரையில நின்னு, 'பாசி... பாத்து வா'ன்னு சொன்னீங்க."

என் கண்ணிலும் மூட்டம்.

மூன்று தடவை போனோம். வீக்கம் வற்றியது. போன செவ்வாய்க்கிழமை வேரை அடைத்துவிட்டு, செய்த வைத்தியத்தைத் துண்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார் டாக்டர். எழுத்துக்கூட்டிப் படித்தேன். "கானுக்கு இவ்வளவு எழுத்தா?" என்று கேட்டேன்.

"கான் இல்ல கங்காணி, கெனல்! வேருக்குள்ள இருக்கிற சின்னக் குழாய். செத்த நரம்ப அதுலேருந்துதான் எடுத்தேன்."

நரம்பா! முதல் நாளே அப்படிச் சொல்லியிருந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரிவர்ஸ்டன் மலை உச்சிக்கே ஓடியிருப்பேன்.

பஸ்ஸில் இதைச் சொன்னதும்தான் செல்வி சிரித்தாள். "ஐயோ அப்பா! அப்ப கானே வெட்டலையா?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் வாயைப் பொத்தவில்லை. அந்தச் சாம்பல் பல்லும் சேர்ந்தே சிரித்தது.

இங்கிலீஷை ஒழுங்காகப் படியுங்கள், பிள்ளைகளே. ஆனால் ஒன்று — அரைகுறை இங்கிலீஷும் சில நேரம் ஒரு முழுப் பல்லைக் காப்பாற்றும்!