சருகு மண்ணோடு வந்தது

நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்குத் தெரியும். நானே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஜின், பேய் என்று யாராவது கதையெடுத்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். ஆனால் இது என் கண்ணுக்கு முன்னால், பட்டப்பகலில் நடந்தது.

எங்கள் வீடு நற்பிட்டிமுனையில். கணவர் சாகாமத்தில் வயல் செய்கிறார். ரோசாச் சட்டிகளுக்குப் போட என்று அங்கே காட்டோரத்தில் உக்கிக் கிடந்த சருகு மண்ணைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, பின்பக்கம் சீமெந்துத் தரையில் கொட்டி வைத்திருந்தார். மறுநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எழும்புகிறேன், இளைய மகளின் சத்தத்தையே காணவில்லை. ஆறு வயது, ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டாள். போய்ப் பார்த்தால் அந்தக் குவியலுக்கு முன்னால் வெறுங்காலோடு குந்தியிருக்கிறாள். அவளுடைய கால் பெருவிரலில் தலையை வைத்தபடி ஒரு பாம்பு.

ஒரு முழம்கூட வராது. கட்டையான உடம்பு, காய்ந்த இலையின் நிறம், மூக்கு நுனி மேலே நிமிர்ந்திருந்தது. சிங்களத்தில் குனகட்டுவா என்பார்கள். சருகுக்குள் அசையாமல் கிடக்கும், மிதித்தால்தான் தெரியும். அது கடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களை எனக்குத் தெரியும்.

கணவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். ஆனால் எங்கே வெட்டுவது? பிள்ளையின் காலும் அதுவும் ஒன்றாய்க் கிடக்கிறது. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு ராத்தா, எங்களுக்கு அக்கா மாதிரி, எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அடிச்சிராதீங்க. வீட்டுக்கு வந்த பாம்புக்கு மூணு தரம் போகச் சொல்லோணும். ஜின்னாயிருந்தா போயிரும்."

"இது காட்டுப் பாம்பு ராத்தா, நம்மட சட்டம் இதுக்குத் தெரியா" என்றார் இவர். பகிடிதான், ஆனால் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

பாம்புக்கு வெளிக்காது இல்லை என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நான், வேறு வழி தெரியாமல் சொன்னேன்: "அல்லாஹ்வுக்காகப் போயிரு." ஒரு தரம்தான். அடுத்த தரம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அது தலையைத் தூக்கி, மகளின் பாதத்துக்கு மேலாகவே ஊர்ந்து, குவியலுக்குள் புகுந்தது.

பிள்ளையை அள்ளிக்கொண்டேன். கடி இல்லை, கீறல்கூட இல்லை. இவர் குவியலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிப் பரப்பினார். கீழே வெறும் சீமெந்து, வெடிப்புமில்லை, துளையுமில்லை. பாம்பும் இல்லை.

"ஒரு தரத்திலேயே போயிட்டே" என்று ராத்தாவே குழம்பிப்போனார்.

என் தோளில் கிடந்த மகள், "நான் முதல்லயே ரெண்டு தரம் சொல்லிட்டன் உம்மா" என்றாள்.

ராத்தா சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறாள் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஆரு மகள் உனக்குச் சொல்லித் தந்த?"

"அந்தப் பாம்புதான். மூணு தரம் சொன்னாத்தான் போக ஏலுமாம். மூணாவது உம்மாதான் சொல்லோணுமாம்."

அந்த மண் முழுவதையும் இவர் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டோரத்தில் கொட்டிவிட்டு வந்தார். ஆனால் மகள் பின்கதவால் இறங்கும்போது, சில நாள் படியிலேயே நின்றுவிடுவாள், ரோட்டில் வாகனத்தைப் போகவிட்டு நிற்பதுபோல. எனக்குத் தெரிவது வெறும் தரைதான்.

"ஏன் மகள் நிக்கிற?" என்று கேட்டால், கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல், "போகட்டும் உம்மா" என்பாள்.