நாலாம் நம்பர் தோட்டா

துப்பாக்கிக் கடையில் அன்று இருந்தவர்கள்: கடை முதலாளியான சீனத் தவுக்கே. எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. என் வீட்டுக்காரர். நான். இடம் கிள்ளான், நேரம் மத்தியானம். மேசைமேல் துப்பாக்கியில் மாட்டுகிற தூரக்கண்ணாடி, ஸ்கோப், மூன்று இருந்தன. வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வலது கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தார். எதிர்க்கடைப் பலகையைப் படிக்கச் சொன்னார் தவுக்கே. இவர் தடங்கல் இல்லாமல் படித்தார். உள்ளே வருவதற்கு முன்பே தெருவில் நின்று நான் அதை அவருக்கு இரண்டு தடவை படித்துச் சொல்லியிருந்தேன். அந்தக் கண்ணில் பால் படர்ந்த மாதிரி இருந்தது. இனிப்பு நீர் வியாதி செய்த வேலை. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

ஈஜோக் பக்கம் எங்கள் தோட்டம். மறுநடவு செய்த, எண்ணெய்க்கான செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றுகொண்டிருந்தன. தோட்டத்தில் துப்பாக்கி லைசென்ஸ் இவர் ஒருவருக்குத்தான். பன்றி சுடுகிறவர் என்றுதான் வேலை வயது முடிந்தும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். கண் போனது தெரிந்தால் துப்பாக்கி போகும். துப்பாக்கி போனால் வீடு போகும். வாயைத் திறந்தால் தெருவில் நிற்க வேண்டும். திறக்காவிட்டால் ஒரு நாள் யார் மேலாவது குண்டு படும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த வருடம் முழுக்கச் சோறாக்கினேன். பன்றிகளும் பழகிவிட்டன. பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், குண்டு எட்டாத இடமாகப் பார்த்து மேய்ந்தன. ஸ்கோப் இருந்தால் எட்டும் என்று மானேஜர் நினைத்தார்.

பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டுவதை வாங்கச் சொல்லியிருந்தார். இவர் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணு கூசுது, வேணாம்" என்றார். அடுத்ததையும் வேண்டாம் என்றார். கிராணி சிரித்தார். "என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி ஒவ்வொன்னுக்கும் மூஞ்சச் சுளிக்கிறீங்க? அக்கா, நீங்களாவது பாத்துச் சொல்லுங்க." நான் வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டில் எல்லாம் இருண்டு ஆடியது, கை நடுக்கம்கூடப் பெரிதாகத் தெரிந்தது. நாலு மடங்கில் தெரு வெளிச்சமாக அசையாமல் நின்றது. நாலே போதும் என்றேன். தவுக்கேயும் தலையை ஆட்டினார். "இது வெச்சா கண்ணுக்குத்தான் பன்னி கிட்ட வரும். குண்டு தூரம் போகாது லா" என்றார். கிராணி அதைக் காதில் வாங்கவில்லை.

பிறகு தோட்டா. பெரிய குண்டு ஒன்பது அடைத்ததை கிராணி எடுத்து வைத்தார். பன்றிக்கு அதுதான் போடுவது, எனக்கே தெரியும். இவர் அதைத் தள்ளிவிட்டு நாலாம் நம்பரைக் கேட்டார். அணிலுக்கும் பறவைக்கும் போடுகிற சின்னக் குண்டு, ஒரு தோட்டாவில் நூறுக்கு மேல் இருக்கும். "இது பன்னிக்குச் சொறிஞ்சு விடத்தான் ஆகும்" என்றார் கிராணி. "தூரத்துல ஒம்பதும் விலகிப் போயிரும். சின்னது நெறைய இருந்தா ஒன்னாவது படும்" என்றார் இவர். சுடுகிறவர் சொன்னதால் கிராணி விட்டுவிட்டார். கண்ணோடு புத்தியும் மங்கிவிட்டதோ என்று நான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை.

அன்றிலிருந்து சாயங்காலம் அவரோடு நானும் போனேன். தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு அவர் வலது பக்கம் உட்காருவேன். வேலைக்காரர்களை மேய்க்கிற மண்டோர் வழியில் பார்த்தால் சும்மா விட மாட்டார். "என்னண்ணே, பன்னி சுடப் போறீங்களா, ஜோடியா படம் பாக்கப் போறீங்களா?" இவர் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு நடப்பார். எதிர்க்கரையில் அசைவது என்னவென்று நான் மெல்லச் சொல்வேன். அவர் சுடுவார். பன்றிகள் கத்திக்கொண்டு ஓடும், ஒன்றுகூட விழாது. இரண்டு மாதம் இப்படிப் போனது. ஸ்கோப் வாங்கியும் ஒன்றும் விழவில்லையே என்று மானேஜர் கேட்டு அனுப்பினார். மாதக் கடைசிக்குள் ஒன்றாவது விழ வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார்.

அந்த மாதக் கடைசிக்கு நாலு நாள் இருந்தது. மழை விட்டிருந்தது. எதிர்க்கரையில் கறுப்பாக ஒன்று குனிந்து நின்றது.

"புள்ள, என்னமோ இருக்கு. என்னது?"

நான் பார்த்தேன். என் கண் நல்ல கண்தான். ஆனால் எனக்கு அது பன்றியாக இருக்க வேண்டும்போல் இருந்தது.

"பன்னிதாங்க."

சுட்டார். மனிதக் குரல் கேட்டது.

மழைக்குக் கறுப்புக் குப்பைப் பையை முதுகில் போட்டுக்கொண்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த வங்காளதேசத்து ஆள். எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவன். நான்தான் முதலில் வாய்க்காலில் இறங்கி ஓடினேன். லோரியில் ஏற்றிக் கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் கேட்டான்: "அக்கா, நான் பன்றி மாதிரியா இருக்கிறேன்?" கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

டாக்டர் வெளியே வந்து, குண்டெல்லாம் தோலுக்கு அடியில்தான் இருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். கிராணி சுவரில் சாய்ந்துகொண்டார். "அண்ணே, அன்னிக்கு நான் எடுத்து வெச்ச தோட்டாவா இருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நான் இவரைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுதான் எடுத்தீங்களா?"

"என் கண்ணு தெரியாது. உனக்கோ வீடு போயிரும்னு பயம். ரெண்டையும் நெனச்சுத்தான் சின்னதா எடுத்தேன்."

போலீசிலும் அவர் என் வாயைப் பற்றிச் சொல்லவில்லை. தன் கண் தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். துப்பாக்கி போனது, லைசென்ஸ் போனது, வீடும் போனது. கோர்ட்டுக்கு அலைந்து தண்டம் கட்டினோம். ரவாங்கில் மகள் வீட்டில் நாலு வருடம் இருந்து செத்துப்போனார். கடைசி வரைக்கும் அன்று சாயங்காலம் நான் சொன்ன வார்த்தையை அவர் எடுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது யாரிடம் சொல்வது? இங்கே ஐந்தாவது மாடி. மகளும் மருமகனும் தொழிற்சாலைக்குப் போனபின் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில் திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். உள்ளே குண்டை ஒவ்வொன்றாக எடுத்து இரும்புத் தட்டில் போட்டார்கள். சத்தத்தை எண்ணினேன்.

பதினேழு.