பனிக்கடல் சம்பளம்

அறுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் எண்ணெய் போடும் வேலையில் இருந்தார். சிங்கப்பூரில் ரப்பர் ஏற்றிக்கொண்டு வட ஐரோப்பாவுக்குப் போகும்; அங்கிருந்து மரம் ஏற்றிக்கொண்டு புறப்படும். குளிர்காலத்தில் அந்தப் பக்கத்துக் கடல் உறைந்துவிடுவதால் பல கப்பல்கள் போகாது. துணிந்து போகிற கப்பலுக்குச் சரக்குக் கூலி கூடுதலாகக் கிடைக்கும். ஆட்களுக்கும் சம்பளத்துக்கு மேலே கொஞ்சம் கொடுப்பார்கள். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்த எங்களுக்கு அந்தக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

ஒருமுறை திரும்பி வந்தவர் சரியாகவே இல்லை. கேட்டால் அசதி என்றார். கப்பலில் சேரக் காத்திருந்த என் தம்பி வந்து பயணத்தைப் பற்றி விசாரித்தபோதுதான் சொன்னார்.

பனியை உடைத்துக்கொண்டு ஒரு கப்பல் முன்னால் போகுமாம். அது திறந்த வழியில் இவர்கள் ஒட்டிப் போக வேண்டும். வழியில் பனிப்பாளம் இடித்து அடித்தகடு பிளந்து, எரியெண்ணெய்த் தொட்டி ஒழுக ஆரம்பித்திருக்கிறது. நின்றால் வழி மூடிக்கொள்ளும், ஒரு நாள் தாமதத்தில் ஆகிற நஷ்டத்தைவிட ஒழுகுகிற எண்ணெய் மலிவு என்று கேப்டன் சொல்லிவிட்டார். இவர் காற்று வாங்க மேல்தளத்துக்கு வந்து பின்னால் பார்த்திருக்கிறார். வந்த வழி நெடுகக் கறுப்பு. அதன் ஓரத்தில், பனிமேல், சீல் என்கிற கடல்நாயின் வெள்ளைக் குட்டி ஒன்று கிடந்தது. தாய் தண்ணீரிலிருந்து ஏறி வந்தது, உடம்பெல்லாம் எண்ணெய். குட்டி பால் குடிக்க முட்டியதும் அதுவும் கறுத்துப்போனது.

“நம்ம கடல்ல கொட்டினாலாவது அலை அடிச்சுக் கலைச்சிரும். அங்க எங்க போவும்? பனிக்கு அடியிலயே கிடக்கும்,” என்றார்.

மறுநாள் கடற்கரையோரம் இருந்த, கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜண்ட் ஆபீசுக்குப் போய் இதைச் சொன்னார். சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார்கள். சேர்ந்தது என்றார். அப்புறம் என்ன என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கப்பலுக்கும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் இடத்துக்கு என் தம்பியைக் கூப்பிட்டார்கள்.

போகவேண்டாம் என்று இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“நான் போகலன்னா கப்பல் நின்னுடுமா மாமா? வேற ஆள் ஏறிப் போவான் லா,” என்றான் தம்பி.

அப்பா இல்லாத வீட்டுக்கு அவன் ஒருவன்தான் சம்பாத்தியம் என்பது இவருக்கும் தெரியும். நான் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

பல மாதம் கழித்துத் தம்பி திரும்பினான். அந்தக் கடல் எப்படி இருந்தது என்று இவர் கேட்டார்.

“குளிருதான் மாமா. நான் மேல ஏறிப் பாக்கவே இல்ல,” என்றான், முகம் பார்க்காமல்.

இவர் ஜூரோங்கில் புதிதாக வந்த கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். தம்பி குளிர்காலம்தோறும் போய்வந்தான். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் தங்கையின் கல்யாணம் நடந்தது. பந்தல் முதல் பந்திவரை எல்லாவற்றையும் என் கணவர்தான் ஓடி ஓடிக் கவனித்தார். தம்பி எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியை மட்டும் கட்டிக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.